ஓடுபாதைக்கு அப்பாலும் ஊர் இருக்கிறது

தென்னாப்பிரிக்கக் குடிசார் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும், டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு நேராக, அதன் இரண்டு முனைகளையும் தாண்டி, இன்னும் கட்டடம் ஏறாமல் கிடக்கும் நிலத்தில் பள்ளிக்கூடமோ குழந்தைகள் காப்பகமோ குடியிருப்போ வர விடாதீர்கள். இந்த மடலின் கோரிக்கை இதுதான். மற்றதெல்லாம், இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. டர்பனின் தெற்கிலும் வடக்கிலும் விமானங்களுக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக வாழும் எங்கள் ஜனங்களும், உலகின் வேறு ஊர்களில் இதே மாதிரி ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தமிழர்களும் இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2009 செப்டம்பர் 24, வியாழக்கிழமை. புரட்டாசி மாதம், நவராத்திரி வேறு. நாடு முழுவதும் மரபுரிமை நாள் விடுமுறை. காலை எட்டு மணி வாக்கில், அன்றைய டர்பன் சர்வதேச விமான நிலையத்திலிருந்து எஸ்ஏ ஏர்லிங்க் நிறுவனத்தின் ஜெட்ஸ்ட்ரீம் 41 ரக விமானம் ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக் கிளம்பியது. 29 பயணிகள் உட்காரக்கூடிய விமானம். அன்றைக்குப் பயணிகள் யாரும் ஏறவில்லை. அடுத்த பயணத்துக்காக விமானத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. உள்ளே இருந்தவர்கள் விமானி, துணை விமானி, பணியாளர் ஒருவர் என்று மூன்று பேர். தரையை விட்டு எழும்பும்போதே வலது எஞ்சின் பழுதானது. கொஞ்ச நேரத்திலேயே விமானம் மியர்பேங்க் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில் விழுந்து உடைந்தது.

மூன்று பேருக்கும் பலத்த காயம். விமானி அக்டோபர் 7-ஆம் தேதி இறந்துபோனார். பள்ளிக்கு அருகே தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவரும் மோசமாக அடிபட்டார். ஊரே விடுமுறையில் இருந்தபோது வேலைக்கு வந்தவர் அவர். விமானத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மியர்பேங்க்கைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். டர்பனின் தெற்கே, பழைய விமான நிலையத்தின் வடகிழக்கு முனையிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கும் ஊர். தெருக்களுக்கு அலிப்பூர், ஜுனாகட் என்று இந்திய ஊர்ப் பெயர்கள். தமிழ், தெலுங்கு, இந்தி பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் இடம். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவர்கள் அங்கே காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள். பிறகு, எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. நகரின் மற்ற இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியர்களுக்கு அங்கேதான் மாநகராட்சி வரிசை வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தது. விமான நிலையம் 1951-லேயே திறந்தாகிவிட்டது. அதாவது, விமானம் எந்த வழியாக எழும்பும் என்பது நன்றாகத் தெரிந்த பிறகுதான் அந்த வழியின் கீழே வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கட்டினார்கள். எங்கள் பெரியவர்கள் யாரும் வரைபடத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கவில்லை.

அந்த ஊரில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, விமானம் தலைக்கு மேலே கடந்து போகும்வரை சாக்கட்டியைக் கையில் பிடித்தபடி நிற்போம். பிள்ளைகளும் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்வது நின்றதும் பாதி வாக்கியத்திலிருந்து தொடர்வோம். நானும் பல வருஷம் அப்படித்தான் ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஊரில் விமானத்தை யாரும் ஆபத்தாக நினைத்ததில்லை. சத்தமாகத்தான் நினைத்தோம். மாநகராட்சியிடம் மனுக் கொடுத்தபோதும் இரைச்சலைப் பற்றித்தான் கொடுத்தோம்.

அன்றைக்கு வெறுமையாக இருந்த இரண்டு விஷயங்களை நினைத்துப் பாருங்கள். விமானத்தில் 29 இருக்கைகள் காலி. பள்ளிக்கூடமும் காலி. சாதாரணப் பள்ளி நாளாக இருந்திருந்தால் எட்டு மணிக்குப் பிள்ளைகள் வளாகத்துக்குள் இருந்திருப்பார்கள். ஒரு மணி நேரம் முன்பின்னாக, பயணிகளோடு கிளம்பும் விமானமாக இருந்திருக்கலாம். இரண்டும் காலியாக இருந்ததால் சாவு ஒன்றோடு நின்றது. ஒன்றோடு நின்றதால் செய்தியும் சில நாட்களில் அடங்கிவிட்டது. ஏழு மாதத்தில், 2010 மே 1-ஆம் தேதி, விமான நிலையமே நகருக்கு வடக்கே லா மெர்சிக்கு, இன்றைய கிங் ஷாக்காவுக்கு, மாறிப்போனது. பிரச்சினையும் அதோடு போய்விட்டதாக எல்லோரும் நினைத்தோம். காலண்டரில் ஒரு விடுமுறை நாள் எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியது. நகரமைப்பு காப்பாற்றவில்லை. இந்த வித்தியாசத்தை உங்கள் முன்னால் வைக்கத்தான் இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்.

சரி, அந்த எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் விசாரணையாளர்கள் நேர்மையான அறிக்கை கொடுத்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். வலது எஞ்சினுக்குள், இரண்டாம் கட்ட டர்பைனோடு சேர்ந்து சுழலும் சீல் தகட்டின் விளிம்பு பிய்ந்துபோனது. எஞ்சின் விசையை இழந்தது. இதுவரை இயந்திரத்தின் கோளாறு. ஆனால் ஒரு எஞ்சின் போனதற்காக விமானம் விழ வேண்டியதில்லை. இந்த அளவுள்ள இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம் எதுவாக இருந்தாலும், எழும்பும் நேரத்தில் ஒன்று நின்றுபோனால் மற்றதைக் கொண்டு மேலேறி, சுற்றி வந்து இறங்க முடியும் என்று நிரூபித்த பிறகே சான்றிதழ் தருகிறார்கள். மியர்பேங்க்கில் விழுந்த விமானத்தின் இடது எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழுதான எஞ்சின் எது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஓடிக்கொண்டிருந்த அந்த இடது எஞ்சினையே விமானிகள் நிறுத்திவிட்டார்கள். அறிக்கையின் முடிவு இதுதான்.

இது எப்படி நடக்கும் என்று பலர் கேட்கிறார்கள். வலது எஞ்சின் நின்றால் மூக்கு சட்டென்று வலப்பக்கம் இழுக்கும். நேராக வைத்திருக்க விமானி இடது காலால் பெடலை அழுத்த வேண்டும். எந்தக் கால் வேலையில்லாமல் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது என்று பயிற்சியின் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்போதும் உடனே நிறுத்திவிடக் கூடாது. ஒருவர் லீவரில் கை வைத்து எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் மீட்டர்களைப் பார்த்து ஆமோதிக்க வேண்டும். அதற்குப் பிறகே லீவரை இழுக்கலாம். அப்புறம் நின்றுபோன எஞ்சினின் ப்ரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால், வேகமாகப் போகும் லாரியின் பின்னால் நின்று ஒரு பலகையைக் காற்றுக்கு எதிரே பிடித்த மாதிரி அது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். இவ்வளவையும் சில நூறு அடி உயரத்தில், எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, சில நொடிகளில் செய்ய வேண்டும். மியர்பேங்க்கில் இருவரும் ஒருவரையொருவர் சரிபார்க்கும் அந்த ஒழுங்கு நடக்கவில்லை என்று அறிக்கை சொன்னது.

இறந்துபோன விமானியைக் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. இதே தவறு பெரிய நிறுவனங்களில், நல்ல அனுபவம் உள்ளவர்களின் கையாலும் நடந்திருக்கிறது. 1989 ஜனவரி 8-ஆம் தேதி இங்கிலாந்தில் கெக்வொர்த் கிராமத்தருகே விழுந்த போயிங் 737-இல் பழுதானது இடது எஞ்சின், நிறுத்தியது வலது எஞ்சினை. 126 பேரில் 47 பேர் இறந்துபோனார்கள். 2015 பிப்ரவரி 4-ஆம் தேதி தைவானில் ட்ரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் தைப்பேயிலிருந்து எழும்பியதும் வலது எஞ்சின் விசையிழந்தது. விமானி இடது எஞ்சினின் லீவரை இழுத்தார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். நம் நாட்டிலேயே, 2018 ஜூலை 10-ஆம் தேதி பிரிட்டோரியாவின் வொண்டர்பூமிலிருந்து பயணிகளோடு கிளம்பிய பழைய கான்வேர் விமானத்தின் இடது எஞ்சின் தீப்பிடித்தது. எஞ்சின் தீக்கான நடைமுறையை விமானிகள் செய்யவில்லை என்று விசாரணை கண்டது. அந்த விமானம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் மோதி நின்றது. உயிர் போனது, பலர் காயம்பட்டார்கள்.

ஆக, எஞ்சின் எப்போதாவது போகும். அந்த நேரத்தில் மனிதக் கை எப்போதாவது தவறும். இரண்டும் சேர்ந்து வரும் நாளும் உண்டு. சிமுலேட்டரில் முன்கூட்டியே சொல்லிவைத்து எஞ்சினை நிறுத்தும் பயிற்சி போதாது, விமானி எதிர்பாராத நேரத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று விமானத் துறையில் இருப்பவர்களே பேசுகிறார்கள். எங்கள் பிராந்திய விமான நிறுவனங்கள், வாடகை விமானங்கள் உட்பட எல்லோரிடமும் அதைக் கட்டாயமாக்குங்கள். பறப்பவர்களின் பயிற்சியைப் பற்றி எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியாது. அது உங்கள் துறை. ஆனால் தரையைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது.

பழைய ஓடுபாதையின் சுற்றுப்புறத்தை நினைத்துப் பார்க்கிறேன். வடகிழக்கு முனையில் மியர்பேங்க்கின் வீடுகள், பள்ளிகள், கோயில்கள். பக்கத்திலேயே சாப்ரெஃப் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. ஊரின் இன்னொரு விளிம்பில் எஞ்சென் ஆலை. நடுவே மாண்டி காகித ஆலை. தென்மேற்கு முனையைத் தாண்டினால் இசிப்பிங்கோ. அங்கே மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று நேர்த்திக்கடன் செலுத்த ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். கைக்குழந்தைகளோடு, கரகத்தோடு, வெயிலில் வரிசையில் நிற்பார்கள். அன்றைய ஜெட்ஸ்ட்ரீம் கொஞ்சம் விலகிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. 2020 டிசம்பர் 4-ஆம் தேதி எஞ்சென் ஆலையில் வெடிப்பு நடந்தபோது, எந்த விமானமும் விழாமலேயே அந்தப் பகுதி எப்படித் தவித்தது என்பதை நகரம் பார்த்தது. வீடு, பள்ளி, எண்ணெய்த் தொட்டி, ரன்வே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கியது இயற்கை அல்ல. அலுவலகத்தில் உட்கார்ந்து மனிதர்கள் போட்ட கையெழுத்து.

அந்த மைதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீடுகளுக்கு நடுவே விமானம் விழ ஒரு திறந்த புல்வெளி கிடைத்தது என்றால், அது பள்ளிக்கு என்று விட்டுவைத்த நிலம் என்பதால்தான். அதையும் யாராவது மனை போட்டு விற்றிருந்தால், விமானம் விழ வீட்டுக் கூரைதான் மிச்சம். விபத்து அறிக்கைகளில் காயமடைந்தோர் கணக்குக்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். விமானிகள், பணியாளர்கள், பயணிகள் என்று பத்திகள் முடிந்த பிறகு, கடைசியாக மற்றவர்களுக்கு ஒரு பத்தி. அந்தத் துப்புரவுத் தொழிலாளி அந்தக் கடைசிப் பத்தியில்தான் வருகிறார். நாங்கள் எல்லோரும் அந்தப் பத்தியில் வாழ்கிறவர்கள்.

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு எங்கள் ஊரில் பலருக்குத் தூக்கம் வரவில்லை. ஏர் இந்தியா 171 எழும்பிய சில நொடிகளில் இரண்டு எஞ்சின்களும் விசையிழந்து, பி.ஜே. மருத்துவக் கல்லூரியின் விடுதிக் கட்டடங்கள்மேல் விழுந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். உணவுக் கூடத்தில் தட்டுகள் அப்படியே மேசைமேல் கிடந்த படங்களைப் பார்த்தோம். விமானத்தில் 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். தரையில் 19 பேர். மியர்பேங்க்கில் காலியாக இருந்த இரண்டும் அங்கே நிறைந்திருந்தன.

இப்போது கிங் ஷாக்காவுக்கு வருவோம். டர்பன் நடுநகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே, 3.7 கிலோமீட்டர் நீள ஓடுபாதை. அது தென்மேற்கே வெருலம் பக்கத்தையும் வடகிழக்கே டொங்காட்டின் கடற்கரைப் பக்கத்தையும் நோக்கிக் கிடக்கிறது. திறந்தபோது சுற்றிலும் கரும்பு. 1860 முதல் கப்பலில் வந்திறங்கிய எங்கள் பாட்டன் பூட்டன்மார் வெட்டிய அதே வடகரைக் கரும்புக்காடு. அதனால்தான் பழைய இடத்தைவிட இது பாதுகாப்பானது என்று சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் கரும்பு பின்வாங்கிக்கொண்டே வருகிறது. கிடங்குகள், அலுவலகங்கள், அடுக்குமாடிகள், புதிய குடியிருப்புகள் என்று வருஷா வருஷம் ஒரு வயல் குறைகிறது. மியர்பேங்க்கிலிருந்து என்னைப் போல வடக்கே குடிபெயர்ந்தவர்கள் நிறைய. ஜூலு மொழி பேசும் குடும்பங்கள் புதிய வீட்டுத் திட்டங்களில் குடியேறியிருக்கிறார்கள். வீட்டின் பின்கட்டில் நின்றால் ஏறும் விமானத்தின் சக்கரங்கள் உள்ளே மடங்குவது தெரிகிறது.

வீடு இல்லாதவர்களுக்கு நிலம் வேண்டும் என்பது நியாயம். தகரக் கொட்டகையில் பிள்ளை வளர்ப்பவரிடம் போய், எப்போதோ விழக்கூடிய விமானத்துக்காக இந்த நிலத்தைக் காலியாக வைத்திருக்கிறோம் என்று சொல்வது எளிதல்ல. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நான் கேட்பது விமான நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம் முழுவதையும் அல்ல. ஓடுபாதையின் நீட்சியில், இரண்டு பக்கமும் ஒடுங்கிப்போகும் ஒரு பட்டையை மட்டும். பிரிட்டனில் பெரிய விமான நிலையங்களின் ஓடுபாதை முனைகளில் பொதுப் பாதுகாப்பு மண்டலம் என்று முக்கோணமாக வரைந்து, அதற்குள் புதிதாக ஆள் கூடும் கட்டடங்களைக் கட்டுப்படுத்துகிறார்கள். அங்கே நிலம் இங்கே இருப்பதைவிட விலை அதிகம். அந்தப் பட்டையில் கரும்பு வளரட்டும். காய்கறி போடட்டும், எங்கள் ஆட்களுக்கு அது புதிய தொழில் அல்ல. வீடுகள் அதற்கு வெளியே வரட்டும், இன்னும் நெருக்கமாக, இன்னும் நல்ல வீடுகளாக. ஏழைகளுக்கு வீடு கொடுக்கிறோம் என்று சொல்லி ஆபத்தான இடத்தில் கொடுப்பதை இந்த நகரம் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறது. அப்போது எங்களுக்கு ஓட்டு இல்லை. இப்போது இருக்கிறது.

இரைச்சல் அளவைக் காட்டும் கோடுகளை நகரமைப்பு வரைபடத்தில் போடுகிறீர்கள். எந்த வீட்டுக்குள் எவ்வளவு சத்தம் கேட்கும் என்று கணக்குப் பார்க்கிறீர்கள். விமானம் விழுந்தால் எங்கே விழ வாய்ப்பு அதிகம் என்பதற்கும் ஒரு கோடு உங்களிடம் இருக்குமானால், அதை வீட்டு மனை வாங்கும் சாதாரண மனிதன் கண்ணில் படும்படி வெளியிடுங்கள். இல்லையென்றால் இந்த வருஷமே வரையுங்கள். கட்டட அனுமதிக் கோப்பு எதுவும் அந்தக் கோட்டைப் பார்க்காமல் மேசையைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே அந்தப் பட்டையில் இருக்கும் பள்ளிகளை நாளைக்கே இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலைமை ஆசிரியர்களுக்கு, விமானம் வளாகத்துக்குள் விழுந்தால் பிள்ளைகளை எந்த வாசல் வழியாக, எந்தப் பக்கம் கொண்டுபோவது, விமான நிலையத்தின் தீயணைப்பு வண்டி எந்தத் தெரு வழியாக வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். விமான நிலையங்கள் விபத்து ஒத்திகை நடத்துகின்றன. வேலிக்கு வெளியே இருக்கும் பள்ளியையும் ஒருமுறை அதில் சேருங்கள்.

அப்புறம், அடுத்த முறை ஒரு விபத்து அறிக்கையை வெளியிடும்போது, அதை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கு வாருங்கள். மியர்பேங்க்கில் எஞ்சின் எப்படிப் பழுதானது, ஏன் தவறான எஞ்சினை நிறுத்தினார்கள் என்பதை இன்றைக்கும் அந்தத் தெருக்களில் வசிக்கும் பலர் அறிய மாட்டார்கள். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நம்புகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு சமூகக் கூடம், ஒரு மாலை, கேள்வி கேட்க ஒரு மணி நேரம். ஆங்கிலமும் ஜூலுவும் தெரிந்த ஓர் அதிகாரி போதும். தமிழில் எங்கள் முதியவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம்.

வெருலம், டொங்காட், லா மெர்சிப் பகுதிப் பெற்றோர்களும் கோயில் நிர்வாகிகளும் தமிழ்ச் சங்கத்தாரும் இந்தக் கோரிக்கையில் கையெழுத்திட முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆணையத்திடமிருந்தும் மாநகராட்சியிடமிருந்தும் இரண்டு கேள்விகளுக்கு எழுத்துமூலமான பதில் வேண்டும். கிங் ஷாக்காவின் ஓடுபாதை முனைகளுக்கு நேராக, வேலிக்கு வெளியே, இப்போது எத்தனை பள்ளிகளும் காப்பகங்களும் இருக்கின்றன? அதே பட்டையில் அனுமதிக்காகக் காத்திருக்கும் திட்டங்கள் எவை? ஆங்கிலத்தில் அனுப்பினால் போதும். வந்த அன்றே மொழிபெயர்த்து எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மியர்பேங்க்கில் பாடம் நடத்தி, இப்போது வெருலத்தில் வசிக்கும் ஒரு தமிழாசிரியை